இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள்: புகழ், விருது, பார்வை

1971ஆம் ஆண்டு தமிழ்த் திரைக்கு இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள் வந்தார்கள். மே மாதம் வந்தவர் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினார். தீபாவளிக்கு வந்தவர் கை ரிக்‌ஷா இழுத்தார். முன்னவர் எம்.ஜி.ஆர்.; படம் எம். கிருஷ்ணன் இயக்கிய 'ரிக்‌ஷாக்காரன்'. பின்னவர் சிவாஜி கணேசன், படம் ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய 'பாபு'. அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது (அன்று அதன் பெயர் 'பாரத்') முன்னவருக்குப் போயிற்று. தென்னிந்திய நடிகர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. பின்னவருக்குச் சிறந்த நடிகர் என்கிற அந்த விருது கடைசிவரை கிடைக்கவில்லை.

நான் இருக்கிற அம்பத்தூர்ப் பக்கத்தில் இந்தப் பழைய வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே வந்தது. அறுபதுகளில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. ஷிப்ட் முடிந்து சினிமாவுக்குப் போன ஒரு தலைமுறை 'வாத்தியார் கட்சி', 'கணேசன் கட்சி' என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அறுபது, எழுபது வயதைத் தாண்டிய அவர்களிடையே டீக்கடைப் பெஞ்சில் இந்தப் பேச்சு எழுந்தால், 'குடுத்தது நடிப்புக்கா, பேருக்கா?' என்கிற கேள்வியில்தான் வந்து நிற்கும். கேள்வி எளிமையானது மாதிரித் தோன்றும். ஆனால் நடிப்பு, பேர் என்கிற இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடைபோட முடியும் என்கிற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் இங்கே சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்.

தயாராக இருக்கிற பதில் அரசியல் சார்ந்தது. 1971 மார்ச் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் ஒரே அணி. எம்.ஜி.ஆர். தி.மு.க.வின் பொருளாளர், பரங்கிமலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். சிவாஜியோ காமராசர் பக்கம், அதாவது தில்லிக்கு எதிர்ப்பக்கம். ஆகவே விருது கூட்டணிக்குக் கிடைத்த கூலி என்கிற பேச்சு அப்போதே எழுந்தது. அந்தப் பேச்சை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் இன்னொரு கேள்வி தப்பித்துவிடுகிறது. அரசியல் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த அரசியலுக்கு ஏன் ஒரு ரிக்‌ஷாக்காரன் வேடம் வாகாக அமைந்தது?

நடிப்புக்கான தேசிய விருதுகள் 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின. முதல் சில ஆண்டுகளின் பட்டியலைப் பார்த்தால் உத்தம் குமார், அசோக் குமார், உத்பல் தத், சஞ்சீவ் குமார் என்று எல்லாரும் ஏற்கெனவே பேர் பெற்றவர்கள். அந்த வரிசையில் எம்.ஜி.ஆர். வந்தது விதிவிலக்கல்ல, வழக்கம்தான். ஆனால் சில வருடங்களிலேயே காட்சி மாறுகிறது. 1975இல் 'சோமன துடி' வாசுதேவ ராவ். 1976இல் 'மிருகயா'வில் அறிமுகமான மிதுன் சக்கரவர்த்தி. 1977இல் 'கொடியேற்றம்' கோபி. 'பேருக்குத்தான் விருது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களுக்கு இந்த மூன்று பெயர்களும் இடைஞ்சல்.

இடைஞ்சல்தானா? கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இந்த மூன்று படங்களை இயக்கியவர்கள் முறையே பி.வி. காரந்த், மிருணாள் சென், அடூர் கோபாலகிருஷ்ணன். நட்சத்திரத்தின் புகழ் போன இடத்தில் இயக்குநரின் புகழ் வந்து உட்கார்ந்தது. யதார்த்தவாதம் என்கிற அழகியலுக்கே ஒரு கௌரவம் உண்டாயிற்று. பியர் பூர்தியு 'குறியீட்டு மூலதனம்' என்று சொன்னது இதற்குப் பொருந்தும். மூலதனம் அழிவதில்லை, கை மாறுகிறது. தெரியாத முகத்துக்குப் பின்னால் தெரிந்த ஒரு பேர் நின்றது. அந்த நடிகர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வதல்ல இது. வாசுதேவ ராவின் சோமனைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நடுவரின் கண்ணுக்கு முன்னால் எப்போதும் ஏதோ ஒரு கண்ணாடி இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

சிவாஜியின் விஷயத்தில் அந்தக் கண்ணாடி எப்படி வேலை செய்தது? 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக அவர் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய கலையின் பாதி குரலில் இருக்கிறது. வசனத்தின் ஏற்ற இறக்கம், தமிழின் வல்லின மெல்லினம், நாடக மேடையில் பழகிய மூச்சு. இவை எதுவும் துணைத்தலைப்பில் ஏறாது. அப்படியிருந்தும் தமிழ் அறியாத ஊரில் விருது. காரணம், அந்த ஊரில் அவருக்குப் பேர் இல்லை. திரையில் வந்த முகத்தையும் உடம்பையும் அங்கே இருந்தவர்கள் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

தில்லிக்கு அவர் போவதற்கு முன்னால் அவருடைய பேர் போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய நடிகர் என்கிற பேர் மட்டுமா? மிகை நடிப்பு, மேடைத்தனம் என்கிற பேரும் கூடவே போயிற்று. யதார்த்தம் அளவுகோலான பிறகு இந்தப் பேர் ஒரு சுவராயிற்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவர் எதைச் செய்தாலும் பார்வை அந்தச் சுவரில் மோதித்தான் திரும்பியது. புகழ் ஏணி மட்டும்தான் என்று நினைக்கிறோம். ஒருவருக்கு ஏணியாவது இன்னொருவருக்குச் சுவராகிறது. பல சமயம் ஒரே ஆளுக்கே இரண்டுமாகிறது.

1992ஆம் ஆண்டின் 'தேவர் மகன்' இதற்குச் சாட்சி. குரலை அடக்கி, அசைவைக் குறைத்து அவர் செய்த பெரிய தேவருக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டது. அவர் ஏற்கவில்லை. நாற்பது ஆண்டுகள் நடித்த ஒருவருக்கு 'இதையும் நாங்கள் கவனித்தோம்' என்கிற பாணியில் ஒரு சிறப்பு விருது! அது பாராட்டு மாதிரியும் இருக்கிறது, பாக்கித் தொகையைத் தீர்ப்பது மாதிரியும் இருக்கிறது. அதே 1992ஆம் ஆண்டுப் படத்துக்காகத்தான் அல் பசினோ முதல் ஆஸ்காரைப் பெற்றார். எழுபதுகளில் அவர் செய்தவற்றுக்குத் தராமல், 'சென்ட் ஆஃப் எ வுமன்' படத்துக்குத் தந்தார்கள். பீட்டர் ஓ'டூல் எட்டுத் தடவை பரிந்துரைக்கப்பட்டு ஒரு தடவைகூட வெல்லவில்லை. 2003இல் கௌரவ விருது கொடுத்து அனுப்பினார்கள். கடன் தீர்க்கும் இந்த வழக்கத்தில் நடப்புப் படம் வெறும் சாக்கு.

இனி 1971க்குத் திரும்பலாம். 'பாபு' மலையாளத்தில் சத்யன் நடித்த 'ஓடையில் நின்னு' படத்தின் தமிழ் வடிவம், மூலம் பி. கேசவதேவின் நாவல். சிவாஜி அதில் உழைப்பு ஓர் உடம்பை எப்படித் தின்கிறது என்பதை நடித்துக் காட்டினார். மாட்டுக்குப் பதில் மனிதன் பூட்டப்பட்ட வண்டி அது. 'ரிக்‌ஷாக்காரன்' செல்வம் தேயமாட்டான். அடிப்பான், நியாயம் கேட்பான், வெல்வான். ஒருவர் இருக்கிற நிலையை நடித்தார், மற்றவர் இருக்க விரும்புகிற நிலையை நடித்தார். எம்.ஜி.ஆருக்கு நடிக்கத் தெரியாது என்று நம் அறிவுஜீவிகள் நெடுநாள் சொல்லிவந்தது இந்த வேறுபாட்டைக் காணாததால்தான். ஆசையை உடம்பில் சுமப்பதும் ஒரு திறமை. எல்லாருக்கும் அது வராது.

ஆனால் அந்த ஆசைக்கு நம்பகம் எங்கிருந்து வந்தது? அறுபதுகளின் தொடக்கத்தில், மழையில் நனைந்த சென்னை ரிக்‌ஷாத் தொழிலாளர்களுக்கு எம்.ஜி.ஆர். ஆயிரக்கணக்கில் மழைக்கோட்டு கொடுத்தார். 1967 ஜனவரியில் பரங்கிமலை–பூந்தமல்லி சாலையின் ராமாவரம் தோட்டத்து வீட்டில் சுடப்பட்டு, கழுத்தில் கட்டுப்போட்ட படத்தோடு சுவரொட்டிகளில் நின்று, அந்தத் தேர்தலில் வென்றார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வந்த தம் ஆங்கில நூலில் இந்தப் பிம்பம் கட்டப்பட்ட விதத்தை விரிவாகப் பேசியிருக்கிறார். திரைக்கு வெளியே மழைக்கோட்டு கொடுத்தவர்தான் திரைக்குள் ரிக்‌ஷா ஓட்டுகிறார். இதில் எது வேடம், எது ஆள்? விருது இந்த இரண்டும் கலந்த ஒன்றுக்கே போயிற்று. அரசியலுக்கு அந்த வேடம் வாகாக அமைந்ததும் இதனால்தான்.

அந்தப் பிம்பத்தைக் கட்டியவர் எம்.ஜி.ஆர். மட்டுமா? கொடுத்ததை ஊர் ஊராகச் சொன்னவர்கள், சுவரொட்டி ஒட்டியவர்கள், மன்றத்துக்குச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள், கியூவில் நின்று அடிபட்டவர்கள் – இவர்களுடைய கூலியில்லாத உழைப்பு அது. எங்கள் பக்கத்துத் தொழிலாளிகளும் அதில் உண்டு. பேருக்காகக் கொடுத்தார்கள் என்றால், அந்தப் பேர் யாருடைய உழைப்பு என்றும் கேட்க வேண்டும். நடுவர் குழுவின் முடிவில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் அவர்கள் உண்டாக்கிய சரக்கு அங்கே போய்ச் செலாவணியாயிற்று.

சிவாஜிக்கும் மன்றங்கள் இருந்தன, உழைத்த ரசிகர்கள் இருந்தார்கள். அவர்கள் உண்டாக்கிய பேர் 'நடிப்பு' என்கிற ஒரே சொல்லில் குவிந்தது. நடிப்பின் இலக்கணம் தில்லியில் மாறியதும் அந்தச் செலாவணி செல்லாமல் போயிற்று.

இந்த இரண்டு பெயர்களின் இரைச்சலுக்கு நடுவில் இன்னொரு விருது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1979இல் துரை இயக்கிய 'பசி'யில் சென்னைச் சேரிப் பெண்ணாக நடித்த ஷோபாவுக்குச் சிறந்த நடிகை விருது. அவருக்கு மழைக்கோட்டுக் கதை இல்லை, மன்றம் இல்லை, நாற்பதாண்டுப் பாக்கியும் இல்லை. அடுத்த ஆண்டே, இருபது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். பேர் சேர்வதற்குள் பார்க்கப்பட்ட ஒரு முகம் அது, கெய்ரோவில் கட்டபொம்மன் பார்க்கப்பட்டது போல.

கை ரிக்‌ஷாவைத் தமிழக அரசு 1973இல் ஒழித்தது. இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். பிறகு ஆட்டோ வந்து அதையும் ஒதுக்கியது. பாபு இழுத்த வண்டியும் செல்வம் ஓட்டிய வண்டியும் இன்று எங்கள் தெருவில் இல்லை. இரண்டு படங்கள் இருக்கின்றன. எந்தப் பேரும் குறுக்கே நிற்காத ஒரு இளைஞனுக்கு, யார் விருது வாங்கினார் என்பதைச் சொல்லாமல், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்ட வேண்டும். அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பது எனக்கு முக்கியமில்லை. ஏன் சாய்ந்தான் என்பதை அவன் நடிப்பிலிருந்தே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். வாத்தியார் கட்சியும் கணேசன் கட்சியும் ஐம்பது வருஷமாகச் செய்யாத வேலை அது. விமர்சகர்களாகிய நாமும் அதைச் சரியாகச் செய்துவிடவில்லை.