திருநாவலூர் ஆளோலையும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும்

திருநாவலூர், கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள ஊர். சைவ சமயக் குரவர் நால்வரில் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர். அவர் வரலாற்றில் இடம்பெறும் ஆளோலை வழக்கு, தமிழில் கிடைக்கும் பழைய அடிமை வழக்கு விவரிப்புகளில் குறிப்பிடத்தக்கது. ஒருவருடைய உழைப்பின்மேல் இன்னொருவருக்கு உள்ள உரிமையை எந்த ஆவணம் நிலைநாட்டும் என்பதே அவ்வழக்கின் கேள்வி. தொழிலாளர் சட்டமும் கல்விச் சட்டமும் அக்கேள்விக்கு இன்று வேறு விடை தருகின்றன.

ஆளோலை வழக்கு

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் இவ்வழக்கைக் கூறுகிறது. புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளுக்கும் சுந்தரருக்கும் திருமணம் நடக்கவிருந்தது. அப்போது அங்கு வந்த முதியவர் ஒருவர், மணமகன் தமக்கு அடிமை என்றார். சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் இருப்பதாகவும் சொன்னார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை என்றும், மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்றும் முதியவர் கூற, வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது.

உரிமையை நிலைநாட்ட மூன்று வழிகள் உண்டு எனச் சபையார் கூறினர்: அனுபவ நடைமுறை, ஆவணம், அயலார் சாட்சி. முதியவர் மூலவோலையைக் காட்டினார். பாட்டனாரும் அவர் வழிவரும் மரபினரும் அடிமைத்தொழில் செய்ய வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பாட்டனாரின் வேறோர் எழுத்தை வரவழைத்துச் சபையார் ஒப்பிட்டனர். எழுத்து ஒத்திருந்ததால் சுந்தரர் தோற்றார் எனத் தீர்ப்பளித்தனர். முதியவராக வந்தவர் சிவபெருமானே என்பதால், சைவ மரபு இதனை அருட்செயலாகப் போற்றுகிறது. சட்ட வரலாறு படிப்போருக்கு இப்பகுதி வேறொன்றையும் காட்டுகிறது. ஓலை உண்மையானதா என்று சபை ஆராய்ந்தது. பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமா என்று அது கேட்கவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் மனிதர்களைக் கோயில்களுக்கு விற்ற செய்திகள் உள்ளன.

சட்டங்களின் வளர்ச்சி

ஒருவரை அடிமை என உரிமை கொண்டாடும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843ஆம் ஆண்டின் இந்திய அடிமைமுறைச் சட்டம் கூறியது. ஆனால் முன்பணம் கொடுத்து, கடன் தீரும்வரை குடும்பத்தையே வேலை வாங்கும் வழக்கம் தொடர்ந்தது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1975 அக்டோபர் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது.

சுந்தரர் வழக்கில் எழாத கேள்விக்கு இச்சட்டம் விடை சொன்னது. ஒருவரையோ அவர் குடும்பத்தாரையோ கொத்தடிமையாக உழைக்கக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம், ஆவணம், வழக்காறு எதுவும் செல்லாது. கொத்தடிமைக் கடன் திருப்பிச் செலுத்த வேண்டாததாகிறது. தம் கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அது அப்படிப்பட்டதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

கல்வராயன் மலை

திருநாவலூருக்கு மேற்கே, இதே மாவட்டத்தில் கல்வராயன் மலை உள்ளது. மலையாளிப் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று சாகிர்களின் கீழ் இருந்த இம்மலையை 1976இல்தான் அரசு ஏற்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த விஷச் சாராய உயிரிழப்புகளுக்குப் பின், சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் நிலையைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது.

மலையிலிருந்து பல குடும்பங்கள் வெளி மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் கூலி வேலைக்குச் செல்கின்றன. பெற்றோருடன் பிள்ளைகளும் சென்றால் படிப்பு நடுவில் நின்றுவிடுகிறது. தொழிலாளர் சட்டமும் கல்விச் சட்டமும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவே.

பள்ளிகளின் கடமை

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதையோ வயதுச் சான்று இல்லாததையோ காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. படிப்பை இடையில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

வேலையளிப்போரின் கடமை

2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவது, கலைஞராக நடிப்பது போன்றவற்றுக்கு நிபந்தனையுடன் விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரையிலானோருக்கு அபாயகரமான தொழில்கள் தடை செய்யப்பட்டுள்ளன.

29 மத்தியச் சட்டங்களை ஒருங்கிணைத்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. கொத்தடிமை, குழந்தைத் தொழிலாளர் சட்டங்கள் இவற்றில் சேராமல் தனியே தொடர்கின்றன. தொகுப்புச் சட்டப்படி பணியாளருக்கு நியமனக் கடிதம் தருவது வேலையளிப்பவரின் கடமை. தாமாக வேலை தேடி வந்தவரும் வெளிமாநிலத் தொழிலாளராகக் கருதப்படுவார். ஆனால் அதற்கென உள்ள பகுதி, அத்தகையோர் பத்துப் பேராவது பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொருந்தும். 1979ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த எண்ணிக்கை ஐந்து. சிறு சூளைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்வோர் இதனால் விடுபட வாய்ப்புண்டு.

ஆவணம் யார் கையில்?

திருவெண்ணெய்நல்லூரில் ஓலை ஆண்டவர் கையில் இருந்தது. இன்று நியமனக் கடிதமும், மீட்கப்பட்ட கொத்தடிமைக்குக் கோட்டாட்சியர் வழங்கும் விடுதலைச் சான்றிதழும் தொழிலாளி கையில் இருக்க வேண்டியவை. முன்பணக் கணக்கு மட்டும் வேலை கொடுத்தவரின் நோட்டில் இருந்து, தொழிலாளியிடம் ஒரு தாளும் இல்லாத இடங்களில் பழைய நிலையே நீடிக்கிறது.