க்ரூஸ் கன்ட்ரோல் – மேனுவல் கியர் கார்களில்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும், ஓட்டுநர் குறித்துவிட்ட வேகத்திலேயே காரை ஓடவைக்கும் அமைப்பு க்ரூஸ் கன்ட்ரோல். இது ஆட்டோமேட்டிக் கார்களுக்கு மட்டுமே உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2011இல் இந்தியாவில் மேனுவல் கியருடன் மட்டுமே வெளிவந்த மஹிந்திரா எக்ஸ்யூவி500இன் உயர்வகையில் இந்த வசதி இருந்தது. பிரிட்டனிலும் மேனுவல் கார்களில் இது நெடுங்காலமாகவே உண்டு. மேனுவல் காரில் இதற்குள்ள சிக்கலெல்லாம் கிளட்சோடுதான்.

வேகத்தைத் தானாகச் சீராக்கும் எண்ணம் காரைவிடப் பழையது. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய கவர்னரில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் அவை விரிந்து நீராவியைக் குறைக்கும், வேகம் தணிந்தால் ஒடுங்கி நீராவியைக் கூட்டும். 1900இல் லண்டனில் உருவான வில்சன்-பில்ச்சர் காரிலும், அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவின் பியர்லெஸ் காரிலும் இதே கருத்து இடம்பெற்றது. அன்றைய கவர்னர்கள் கவனித்தது எஞ்சினின் சுழற்சியை. சாலையில் வண்டி போகும் வேகத்தை அல்ல. ஒரே கியரில், கிளட்ச் பிடித்திருக்கும் வரை, இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கிளட்சை மிதித்தாலும் எஞ்சின் வரம்பு மீறாமல் கவர்னர் பார்த்துக்கொள்ளும். பழைய கருவி இந்த ஒரு விஷயத்தில் பின்னால் வந்ததைவிடப் பத்திரமானது.

இன்றைய வடிவம் ரால்ஃப் டீட்டருடையது. ஐந்து வயதில் பார்வையிழந்த இந்த இண்டியானா பொறியாளர், பிஸ்டன் ரிங் தயாரிக்கும் நிறுவனமொன்றை நடத்தியவர். அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே கார் ஓட்டும்போது பேச்சுக்கேற்ப வண்டி வேகம் ஏறி இறங்கியதால் எரிச்சலடைந்துதான் டீட்டர் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். கார் ஓட்டவே முடியாத ஒருவருக்கு ஓட்டுபவரின் கால் நடுக்கம் முதலில் உறைத்ததில் வியப்பில்லை. 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் இதை ‘ஆட்டோ பைலட்’ என்ற பெயரில் விற்றது. இம்பீரியலில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். ஆகவே கிளட்ச் பிரச்சினை அப்போது எழவில்லை.

மேனுவல் காரில் எழுந்தது. புதிய அமைப்பு சாலை வேகத்தைப் பார்த்து த்ராட்டிலைத் திறக்கிறது. ஓட்டுநர் கிளட்சை மிதித்ததும் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்து வண்டி மெல்லத் தணியும். அமைப்போ வேகத்தை மீட்க த்ராட்டிலை மேலும் திறக்கும். சுமையற்ற எஞ்சின் அலறும். இதைத் தடுப்பது கிளட்ச் பெடலின் மேல்முனையில், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சிறு சுவிட்ச். பெடல் சற்று நகர்ந்தாலே அது மின்சுற்றைத் துண்டிக்கும், அல்லது வேக்குவத்தால் இயங்கிய பழைய அமைப்புகளில் காற்றை உள்ளே விடும். இது சரியாகப் பொருந்தாவிட்டால் க்ரூஸ் ‘செட்’ ஆகவே ஆகாது; மெக்கானிக்கும் முதலில் பிரேக் சுவிட்சையும் இதையும்தான் தொட்டுப் பார்ப்பார். தனியாக வாங்கி மாட்டும் சில கருவிகள் எஞ்சின் சுழற்சி திடீரென எகிறுவதைக் கண்டு தாமே விலகிக்கொள்ளும். மின்னணு த்ராட்டில் வந்தபின், கியர் மாற்றும் சில வினாடிகள் ஒதுங்கி மறுபடி பிடித்துக்கொள்ளும் கார்களும் உண்டு. ஆனால் கியரைத் தானே இறக்க எந்த அமைப்பாலும் முடியாது. மேட்டில் எஞ்சின் திணறினால் கைதான் வேலை செய்ய வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தணிக்கும் வகையும், மேனுவலில் கார் நின்று கிளம்பும் நெரிசல்வரை துணைவராது.

தென் லண்டனின் ஸ்ட்ரெதத்தில் இந்த எல்லை நன்றாகத் தெரியும். ஏ23 என்னும் பிரைட்டன் சாலை ஊரின் நடுவே ஸ்ட்ரெதம் ஹை ரோடாக ஓடுகிறது. 2002இல் பிபிசி ரேடியோ 4 நேயர்கள் பிரிட்டனின் மிக மோசமான தெருவாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். பஸ், சிக்னல், குறுக்கே நடப்போர் என்று கிளட்சுக்கு ஓய்வே கிடையாது. ஊரின் பெரும்பகுதி அடங்கிய லாம்பெத்தில் மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ., என்பதே பெரும்பாலான தெருக்களின் வரம்பு. பல கார்களில் க்ரூஸ் 25 மைலுக்குக் கீழே இயங்காது. நார்பெரி, தார்ன்டன் ஹீத், பர்லி, கூல்ஸ்டன் எல்லாம் கடந்து ஹூலியில் எம்23 தொடங்கி, 70 மைல் வரம்பும் டாப் கியரும் கைக்கு வந்த பிறகே பொத்தானை அழுத்துவதில் அர்த்தமுண்டு.

ஸ்ட்ரெதத்துக்குள் உதவுவது க்ரூஸின் உடன்பிறப்பான ஸ்பீட் லிமிட்டர். அது வண்டியைத் தானாக ஓட்டாது; ஓட்டுநர் மிதித்தாலும் குறித்த வேகத்துக்கு மேல் த்ராட்டிலைத் திறக்க விடாது, அவ்வளவே. பெடலை அடிவரை அழுத்தினால் வழிவிடும். கிளட்சை மிதித்து எத்தனை முறை கியர் மாற்றினாலும் அது விலகுவதில்லை.