மணவுறவும் அரசுரிமையும்: 1772-இல் சேது நாடு

இராமேசுவரம் செல்லும் யாத்திரை வழியையும் அதனை ஒட்டிய கடற்கரையையும் காத்துவந்த சேதுபதி மன்னர்களின் நாட்டில், அரியணை எப்போதும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றதில்லை. உடன்பிறந்தாளின் மகன், மகளின் கணவன், கிளைவழி உறவினன் எனப் பலரும் உரிமை கோர இடமிருந்தமையால், அரண்மனைத் திருமணம் ஒவ்வொன்றும் ஓர் அரசியல் உடன்படிக்கையாகவே அமைந்தது. மணவுறவின் வழியாக எழும் பதவி வேட்கையும் அவ்வுறவு கோரும் விசுவாசமும் எவ்வாறு மோதின, எவ்வாறு இணைந்தன என்பதை அறியாமல் இந்நாட்டின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

சிவகங்கைச் சீமையின் தோற்றமே இதற்குச் சான்று. நாலுகோட்டைப் பாளையத்தைச் சேர்ந்த சசிவர்ணத் தேவர், விஜயரகுநாத சேதுபதியின் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை மணந்தவர். மாமனாரின் மறைவுக்குப் பின் பவானி சங்கரத் தேவர் சேது நாட்டின் தலைநகரான இராமநாதபுரத்தின் ஆட்சியைக் கைப்பற்றியபோது, சசிவர்ணர், அரியணைக்கு உரிமை கோரிய கட்டயத் தேவருடன் சேர்ந்து, தஞ்சை மராத்தியரின் படைத்துணையோடு அவரை வென்றார். அதன் பயனாகச் சேது நாடு ஐந்து பங்காக்கப்பட்டு, மூன்று பங்கு இராமநாதபுரத்துக்கும் இரண்டு பங்கு சசிவர்ணருக்கும் உரியவாயின. மருமகன் என்னும் தகுதி இவ்வாறு ஒரு தனியரசுக்கே வித்திட்டது.

பிரிந்த இவ்விரு வீடுகளையும் மீண்டும் பிணைத்தது, செல்லமுத்து சேதுபதியின் மகள் வேலு நாச்சியாருக்கும் சசிவர்ணரின் மகன் முத்துவடுகநாதத் தேவருக்கும் நடந்த திருமணம். 1762-இல் செல்லமுத்து சேதுபதி ஆண் வாரிசின்றி மறைந்தபோது, அவருடைய உடன்பிறந்தாள் முத்துத் திருவாயி நாச்சியாரின் மகன், குழந்தையாயிருந்த முத்துராமலிங்கம், சேதுபதியாக்கப்பட்டார். தாயே மகனின் பெயரால் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். இதனால் கடற்கரையில் அத்தையும் உள்நாட்டில் மருமகளும் அரசிகளாக விளங்கினர்.

1772 ஜூன் மாதத்தில் இவ்விரு அரசுகளும் அடுத்தடுத்து வீழ்ந்தன. பேஷ்கஷ், அதாவது மேலரசுக்குச் செலுத்தவேண்டிய திறை, நிலுவையில் உள்ளதெனக் கூறி ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் முதலில் இராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றி, முத்துத் திருவாயி நாச்சியாரையும் இளஞ்சேதுபதியையும் திருச்சிராப்பள்ளிச் சிறைக்கு அனுப்பின. ஜூன் 25-ஆம் நாள் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். இளைய அரசி கௌரி நாச்சியாரும் அங்கேயே மாண்டார் என்பது நாட்டு வழக்கு.

கணவனும் இல்லை, புகலளிக்கப் பிறந்த வீடும் இல்லை என்ற அந்நிலையில், வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் திண்டுக்கல் பகுதியின் விருப்பாச்சிப் பாளையத்துக்குச் சென்றார். பிரதானி, அதாவது தலைமை அமைச்சர், தாண்டவராய பிள்ளையும் படைத்தலைவர்களான மருது சகோதரர்களும் உடன் சென்றனர். 1772 டிசம்பர் 8-ஆம் நாளிட்ட கடிதத்தில் தாண்டவராய பிள்ளை மைசூரின் ஹைதர் அலியிடம் 5,000 குதிரை வீரர்களையும் 5,000 காலாட்களையும் கேட்டார். படை உடனே வரவில்லை; பிரதானியும் விரைவில் காலமானார். சிவகங்கை ‘ஹுசேன் நகர்’ என்னும் பெயரோடு நவாபின் கீழ் இருந்தது. எனினும் அரசி உரிமையை விட்டுக்கொடுக்காமல் எட்டு ஆண்டுகள் காத்திருந்து, மைசூர்ப் போர் மீண்டும் மூண்ட 1780-இல், ஹைதரின் படையுதவியோடு சீமையை மீட்டார்.

கணவனுக்குரிய விசுவாசம் இங்கே உடன்கட்டை ஏறும் வடிவத்தை எடுக்கவில்லை. கணவனின் நாட்டைத் தாமே ஆளும் உறுதியாக வெளிப்பட்டது. 1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் பெருந்தொகையினராகத் தீப்பாய்ந்த நாட்டில், இது மிகப்பெரிய மாற்றமாகும்.

ஆனால் மணவுறவு தந்த உரிமை எல்லாருக்கும் அதே உறுதியைத் தரவில்லை. வெள்ளச்சியை மணந்ததால் சிவகங்கை அரசரான வேங்கன் பெரிய உடையாத் தேவரின் காலத்தில் உண்மை அதிகாரம் மருது சகோதரர்களிடமே இருந்தது. 1801-இல் அவர்கள் தூக்கிலிடப்பட்டபின், 1802-இல் கம்பெனி வேங்கனைப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தியது. இராமநாதபுரத்திலோ 1795-இல் முத்துராமலிங்க சேதுபதி பதவி நீக்கப்பட, அவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியார் 1803-இல் நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி ஜமீன்தாரிணியாக ஏற்கப்பட்டார்.

ஆகவே சேது நாட்டு அரசியரின் திருமணங்களைக் குடும்பச் செய்திகளாக ஒதுக்காமல், போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் நிகரான அரசியல் நிகழ்வுகளாக ஆராய்வதே வரலாற்றாசிரியரின் கடமையாகும்.