படம் காட்டும் பாழும் படம் காட்டாத வாழ்வும்

கைவிடப்பட்ட கட்டடங்களைத் தேடிச் சென்று படம் எடுக்கும் ஆர்வம் இன்று இளைஞரிடையே பெருகியுள்ளது. இடிந்த மதிலும் வேர் பிளந்த சுவரும் கண்ணுக்கு அழகியனவே. ஆயினும் அழகு வேறு; வரலாறு வேறு. எது நிற்கிறது என்பதைப் படம் சொல்லும். யார் கட்டினார், யார் கல் சுமந்தார், ஏன் கைவிட்டனர் என்பவற்றை எழுத்தே சொல்லவேண்டும்.

தமிழகத்தில் இப்பணி புதிதன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய ஊர்களைப் படம் பிடித்தார். அவர் கண்ட திருமலை நாயக்கர் அரண்மனை சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் காலத்திலேயே அது பழுது பார்க்கப்பட்டது. இன்று நிற்கும் மண்டபத்தில் பழையது எது, புதுக்கியது எது எனப் பிரித்தறிய டிரைப்பின் படங்கள் துணைசெய்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 பகுதிகளாக எடுத்து, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அங்கே ஒளிப்படம் கல்லையும் எழுத்தையும் சேர்த்தே காத்தது.

எழுத்துத் துணையில்லாத கல் ஊமைக்கல்லே. திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையை எண்ணிப் பாருங்கள். படத்தில் அது ஆற்றிடைப் பாறை, உச்சியில் ஒரு சிறு கோயில், அவ்வளவே. அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த இடம் ‘கபிலக்கல்’ என்கிறது. அதனை அறிந்தபின் அப்பாறையை வெறும் பாறையாகக் காண இயலுமா?

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே தியாகதுருகம் மலைக்கோட்டையும் அத்தகையதே. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்காகப் போரிட்டனர். 1761இன் தொடக்கத்தில், புதுச்சேரி வீழ்ந்தபின், அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1790இல் திப்பு சுல்தானின் படை அதனைத் தாக்கியபோது தளபதி பிளின்ட் எதிர்த்து நின்று காத்தார். தளபதியின் பெயர் ஏட்டில் உண்டு. அச்செங்குத்தான மலையில் கல்லும் நீரும் சுமந்து ஏறியவர் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை.

இக்குறை மேற்கே கல்வராயன் மலையில் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் எனத் தம் முன்னோரைப் பற்றிக் கூறும் மலையாளிப் பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் அம்மலை நெடுங்காலம் இருந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. மலை ஜாகீர்தார் பிடியிலிருந்து முற்றாக நீங்கி அரசின் வசமானது 1976இல்தான். அதுவரை அம்மக்கள் ஜாகீர்தாருக்கு வரி செலுத்தினர். கூலியின்றி அவர் நிலத்தில் உழைத்தனர். அவர்தம் மண்சுவரும் புற்கூரையும் சில மழைக்காலங்களில் மண்ணோடு மண்ணாகிவிடும். பாழைத் தேடிச் செல்வோர்க்குப் புலப்படுவது கல்லில் கட்டியோர் வரலாறே. கல்லில் கட்ட இயலாதோர் வரலாறு பாழாகக்கூட எஞ்சுவதில்லை.

அவ்வரலாறு இன்னும் ஓரிடத்தில் உயிரோடு உள்ளது. அது முதியோர் நினைவு. 1976இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எழுபதை எட்டிவிட்டனர். இனிக் காத்திருக்கப் பொழுதில்லை.

ஆகவே, பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தினரிடம் ஒரு வேண்டுகோள். மலைக்கோ கோட்டைக்கோ படக்கருவியுடன் செல்வோர் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்க. எடுத்த இடம், எடுத்த நாள், அவ்விடத்தை அவ்வூரார் அழைக்கும் பெயர், அதுபற்றிச் சொன்னவர் சொற்கள் ஆகியவற்றைப் படத்தின் கீழ் எழுதுக. இடிந்த சுவரைக் கண்டு கவிதை எழுதுவோரும் அச்சுவருக்கு மண் குழைத்த கையை ஒரு கணம் நினைக்க. அந்நினைவு இல்லையேல் நம் படமும் பாட்டும் பாழின் அழகை மட்டுமே பாடியனவாகும்.