கரும்பும் நாணலும்: கோயம்புத்தூர் ஆய்வு வரலாறு நமக்கு உணர்த்துவது

ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையன்று நம் ஆலயத் தூண்களிலும் திருமேசையின் இருமருங்கிலும் கரும்பு கட்டப்படுகின்றது. வாழைத்தாரும் பூசணியும் நெற்கதிரும் படைக்கப்படும் இடத்தில் கரும்பும் நிற்பது கொங்கு நாட்டிற்கு மிகவும் பொருந்துவதே. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிப்பதில்லை. தூணில் கட்டப்படும் செங்கரும்பு, கடித்துச் சுவைப்பதற்கென வளர்க்கப்படும் பழைய பருங்கரும்பினத்தைச் சேர்ந்தது. நம் காப்பியில் கரையும் சர்க்கரையோ வேறொரு கரும்பிலிருந்து வருவது. அக்கரும்பு நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னர்வரை உலகில் இருந்ததில்லை. அது கோயம்புத்தூர் நகரின் மேற்குப் புறத்திலுள்ள ஆய்வு வயல்களில், பல துறை அறிஞரின் கூட்டுழைப்பால் உருவாயிற்று.

அது எவ்வாறு உருவாயிற்று, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது, யாரைச் சென்றடையவில்லை என்னும் வினாக்களை எழுப்புவதும் நன்றிப் படையலின் ஒரு பகுதியே என நாம் கருதுகின்றோம். இவ்வரலாற்றைச் சுருங்க உரைத்து, இறையியல் கல்விக்கு அது விடுக்கும் அறைகூவலைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தேவை பிறந்த விதம்

கரும்பு நமக்குப் புதியதன்று. தகடூர் அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என ஔவையார் பாடியதைப் புறநானூறு நமக்குக் காத்துத் தந்துள்ளது. கவுந்தப்பாடிப் பகுதியின் நாட்டுச்சர்க்கரை இன்றும் பழனிப் பஞ்சாமிர்தத்திற்குச் செல்கின்றது. இருப்பினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா சாவகத் தீவிலிருந்து சர்க்கரையைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் நிலையில் இருந்தது.

காரணம் தெளிவானது. நாட்டின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் இருந்தது. ஆங்கு விளைந்தவை மெலிந்த கரும்புகள். குளிரையும் வறட்சியையும் தாங்குவன, ஆனால் விளைச்சலிற் குறைந்தன. தென்னகத்தின் பருங்கரும்போ சாறு மிக்கது. வடநாட்டுக் குளிரைத் தாங்காதது. தென்னகத்திலும் கேடு வராமலில்லை. கோதாவரிக் கழிமுகத்தில் செவ்வழுகல் நோய் கரும்புத் தோட்டங்களைப் பாழாக்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றி, 1898இல் சென்னை மாகாணத்திற்கு அரசுத் தாவரவியலாராக வந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர், சாமர்லகோட்டையில் அந்நோயை எதிர்த்து ஆய்வு செய்தார். கரும்பினத்தைப் பற்றிய அவரது அறிவு அங்குதான் முதிர்ந்தது. வடஇந்திய மெலிகரும்பின் அறிவியற்பெயரே பின்னர் அவர் பெயரால் வழங்கலாயிற்று.

சைதாப்பேட்டையிலிருந்த வேளாண்மைக் கல்லூரி அந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அதனருகே 1912ஆம் ஆண்டில் கரும்பு ஆய்வு நிலையம் தோன்றியது. அதன் பொறுப்பைப் பார்பர் ஏற்றார். அவருடன் பணியிற் சேர்ந்த இளைஞர் தி. சு. வெங்கடராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றவர்.

வடநாட்டு உழவனுக்கான கரும்பைத் தென்கோடியில் ஆராய்வானேன் என்னும் வினா எழலாம். கரும்பை உழவர் விதையால் அன்று, கரணையால் நடுகின்றனர். கரணையிலிருந்து எழுவது தாயின் மறுபடியே. புதிய வகை அதில் தோன்றாது. கரும்பின் விதை முளைக்கும் என்பதே 1880களில்தான் சாவகத்திலும் பார்படோசிலும் உறுதிப்பட்டது. வடஇந்தியாவில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரிலோ ஐப்பசி, கார்த்திகையில் கரும்பு தாராளமாகப் பூத்து விதை தருகின்றது. பாலக்காட்டுக் கணவாயின் வழி வரும் காற்றும் மிதமான வெப்பமும் கொண்ட இவ்வூர், இவ்விதமாய் வடநாட்டுக் கரும்பின் தொட்டிலாயிற்று.

2. நாணலின் பங்கு

பார்பரும் வெங்கடராமனும் எடுத்த முயற்சி அக்காலத்தில் துணிவானது. ‘வெள்ளை’ என உழவர் வழங்கிய பருங்கரும்பைத் தாயாகக் கொண்டு, வாய்க்கால் ஓரங்களிலும் தரிசிலும் தானே வளரும் நாணலின் மகரந்தத்தை அதன் பூங்கதிரில் சேர்த்தனர். நாணலில் இனிப்பு மிகக் குறைவு. உழவனுக்கு அது களை. பிடுங்கினாலும் மீண்டும் எழும் தொல்லை. ஆனால் வேர் ஆழ்ந்தது. வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்குவது. அக்கலப்பிற் பிறந்ததே ‘கோ 205’. ‘கோ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். 1918இல் பஞ்சாபிற்கு அது வழங்கப்பட்டது. ஆங்கு வழங்கிவந்த ‘கத்தா’ என்னும் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது.

பின்னர் கோ 213, கோ 281, கோ 290, கோ 312 என வகைகள் தொடர்ந்தன. சாவகத்தின் புகழ்பெற்ற கரும்பொன்றைத் தாயாகவும் கோ 290ஐத் தந்தையாகவும் கொண்டு பிறந்த கோ 419, தென்னிந்திய வயல்களைப் பல்லாண்டுகள் ஆண்டது. ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய கரும்பு அமெரிக்காவின் லூசியானாவிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் பயிராயிற்று.

திருமறையில் பழகிய நமக்கு ஈண்டு பல நினைவுகள் எழுவது இயல்பே. நாணற்பெட்டியில் காக்கப்பட்ட குழந்தையையும், நெரிந்த நாணலையும் முறிக்காத ஊழியரைப் பற்றி ஏசாயா உரைத்ததையும் நாம் அறிவோம். ஆனால் உவமையை அளவிறந்து நீட்டலாகாது. நாணல் தன் பெருமையால் உயரவில்லை. அதனை உற்று நோக்கிய கண்கள் இருந்தமையால் பயன்பட்டது.

3. ஒரு துறையால் ஆகாதது

இச்சாதனையை ஒரு மேதையின் கதையாகக் கூறுவது எளிது. ஆயினும் அது உண்மையாகாது. மரபுப் பண்புகள் இறங்கும் முறையை முதலிற் கண்டவர் பிர்னோ நகரின் அகுஸ்தீன் மடத்துத் துறவி கிரிகோர் மெண்டல். வியன்னாவில் இயற்பியலும் கணிதமும் பயின்ற அவர், தோட்டத்துப் பட்டாணியை எண்ணிக் கணக்கிடக் கற்றிருந்தார். 1866இல் வெளிவந்த அவரது ஆய்வை உலகம் 1900இல்தான் கண்டுகொண்டது. அடுத்த பன்னிரண்டே ஆண்டுகளில் கோயம்புத்தூர் நிலையம் எழுந்தது.

நிலையத்திலோ தாவரவியலார் மட்டும் போதவில்லை. சாற்றின் சர்க்கரைச் சத்தை அளக்க வேதியியலார் வேண்டும். செவ்வழுகலை ஏற்படுத்தும் பூஞ்சணத்தை ஆராய நோயியலார் வேண்டும். துளைப்பான் புழுக்களை அறியப் பூச்சியியலார் வேண்டும்; இன்று உழவர் கரும்புத் தோகையில் கட்டும் ஒட்டுண்ணி அட்டை அத்துறை தந்த கொடையே. பல மாநிலத்து மண்ணிலும் பயிரைச் சோதித்துக் கணக்கிடப் புள்ளியியலார் வேண்டும். இவை யாவும் கூடியும், அரசின் பொருளாதாரக் கொள்கை துணை நில்லாதிருப்பின் பயன் முழுமையுற்றிராது. 1932இன் சர்க்கரைத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் அயல்நாட்டுச் சர்க்கரைக்கு வரி விதித்தது. முப்பதளவில் இருந்த ஆலைகள் சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கும் மேலாயின. நல்ல கரும்பு இன்றேல் சட்டம் வீணாகியிருக்கும். சட்டம் இன்றேல் கரும்பு ஆலையைக் கண்டிராது.

இக்கூட்டத்தில் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர் தலச்சேரியில் 1897இல் பிறந்த எ. க. ஜானகி அம்மாள். சென்னைக் கிறித்தவ மகளிர் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உயர்பட்டம் பெற்ற அவர், 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூரில் உயிரணு ஆய்வை நடத்தினார். பருங்கரும்பின் குரோமோசோம்கள் 80. கோயம்புத்தூர் நாணலின் குரோமோசோம்கள் 64. கலப்பில் தாய்க்கரும்பு தன் பாதியை மட்டுமன்றி முழுமையையும் சேய்க்கு அளித்துவிடும் விந்தையைச் சாவகத்து அறிஞர் கண்டிருந்தனர். இத்தகைய நுட்பங்கள் புலப்பட்ட பின்னரே, இருளில் தடவிச் செய்த கலப்பு ஒளியில் செய்யும் பணியாயிற்று. ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற பயிரை 1938இல் உலகுக்கு அறிவித்தார். முதுமையில், கணவாய்க்கு அப்பாலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டை மூழ்கடிக்கவிருந்த நீர்மின் திட்டத்தை எதிர்த்தோருடன் நின்றார். பயிரைப் பெருக்கிய அறிவே காட்டைக் காக்கவும் குரல் கொடுத்தது. அவர் மறைந்த 1984ஆம் ஆண்டிலேயே அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

4. பயன் யாருக்கு?

ஆய்வின் பயனை மதிப்பிடுகையில் ஆலையின் கணக்கேட்டோடு நின்றுவிடுதல் நமக்கு இயலாது. சர்க்கரையின் வரலாறு அடிமைத்தனத்தோடு பிணைந்தது. கறுப்பின மக்களின் அடிமைநிலை ஒழிந்த பின்னர், அவ்விடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரில் தமிழரும் பலர். 1860இல் சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் அவர்களை நேட்டாலில் இறக்கியது. பிற்காலத்தில் அதே நேட்டாலின் வயல்களில் கோ 281 விளைந்தது. கோயம்புத்தூரின் அறிவும் தமிழரின் வியர்வையும் அயல்மண்ணில் சந்தித்தன; ஆனால் அறிவுக்குக் கிட்டிய மதிப்பு வியர்வைக்குக் கிட்டவில்லை.

இன்றும் இவ்வினா ஓயவில்லை. 2019இல் மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டச் செல்லும் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டனர் என்னும் செய்தி வெளிவந்தது. மாநில அரசு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. ஒரு நாள் வேலை தவறினால் கூலி பிடிக்கப்படும் என்னும் அச்சமும், முன்பணக் கடனும் இதன் பின்னணியில் இருந்தன. விளைச்சலை உயர்த்தும் ஆய்வு நடந்தது. வெட்டுவோரின் உடல் என்னாகின்றது என்று ஆராய்வதற்கோ ஒரு செய்தி வெளிவர வேண்டியிருந்தது. கொங்கு நாட்டிலும் நம் சபைகளில் கணிசமானோர் நிலமற்ற உழைப்பாளர் குடும்பத்தினர். அறுப்பின் பண்டிகைக் கரும்பை வெட்டிய கையும் நற்கருணைக்கு நீளும் கையும் ஒன்றாயிருத்தல் கூடும்.

இக்குறையை அறிவியலார் சிலர் உணராமலில்லை. 1937இல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை ஏற்ற வெங்கடராமன், தலைமையுரைக்குத் தேர்ந்த பொருள் தம் கரும்பன்று. இந்தியக் கிராமத்தின் நேற்றும் இன்றும் நாளையுமே. தம் துறையில் உலகப்புகழ் பெற்றவர், அத்துறை எதற்காக என்பதை மறவாதிருந்தார் என இதனால் அறிகின்றோம்.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மையத்தில் உருவாகி 2009இல் வெளியிடப்பட்ட கோ 0238, உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் நான்கில் மூன்று பங்கிற்கும் மேல் பரவி, உழவருக்கும் ஆலைக்கும் பெருவருவாய் ஈட்டித் தந்தது. ஒரே வகை அத்துணைப் பரப்பில் நின்றமையால், பார்பரின் காலத்துப் பகைவனாகிய செவ்வழுகல் மீண்டும் வந்து அதனை வீழ்த்தலாயிற்று. வெற்றி பெற்ற ஒன்றையே எங்கும் நடுவது இயற்கைக்கு ஒவ்வாது. வயலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கல்விக்கும் பொருந்தும்.

5. இறையியல் கல்விக்கு அறைகூவல்

நம் கல்லூரிகளில் திருமறையியல், சபை வரலாறு, கோட்பாட்டியல் எனத் துறைகள் தனித்தனி வரப்புக்குள் நிற்கின்றன. கரணையிலிருந்து கரணை என்பதுபோல, ஆசிரியர் கற்றதையே மாணவர் கற்று, அதையே பிரசங்க பீடத்தில் ஒப்புவிக்கின்றனர். இவ்வாறு செய்தால் தாயின் மறுபடியே எழும். புதிய நிலத்திற்கேற்ற வித்து தோன்றாது.

வேறு வழி நமக்குத் தெரியாததன்று. 1950களில் கோயம்புத்தூர்ப் பேராயராகத் திருப்பணி ஆற்றிய ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியைப் பக்தி இலக்கியங்களின் ஒளியில் ஆராய்ந்தவர். அயலெனக் கருதப்பட்டதைக் கொணர்ந்து சேர்க்க அவர் அஞ்சவில்லை. அவ்வாய்வு இலக்கியத்தோடும் மெய்யியலோடும் நடந்தது. இக்காலத்தில் அது பொருளியலோடும் வேளாண்மையோடும் மருத்துவத்தோடும் நடைபெற வேண்டும்.

இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. மாணவர் ஒருவர் கிராமச் சபையில் பயிற்சிக்குச் செல்லும் காலத்தில், ஒரு பயிரின் கணக்கை விதைப்பு முதல் விற்பனைவரை எழுதி வரட்டும்: நீர் எவ்வளவு, கடன் யாரிடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி எவ்வளவு, ஆலை பணம் தரும் நாள் எது. அக்கணக்கை வேளாண்மை கற்றவரும் தொழிற்சட்டம் அறிந்தவரும் செவிலியரும் அமர்ந்து படிக்கட்டும். அதன்பின் ஆமோஸ் தீர்க்கன் கள்ளத் தராசைக் கண்டித்த பகுதியை நாம் அனைவரும் சேர்ந்து வாசிப்போம். அந்த வாசிப்பு முன்னையதைப்போல் இராது.

அவயவங்கள் பல, சரீரம் ஒன்று என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை ஒற்றுமைக்கான அறிவுரையாக மட்டுமே நாம் போதித்து வந்தோம். தன்னிடம் இல்லாததை மற்றவரிடம் கேட்டுப் பெறும் பணிவும் அதில் அடங்கியுள்ளது. கோயம்புத்தூரின் அறிஞர்கள் நாணலிடமும் கேட்டனர். இவ்வாண்டு அறுப்பின் பண்டிகைக்குமுன், தம் சபையில் கரும்பு வெட்டும் ஒரு குடும்பத்தின் வீட்டிற்கு ஒவ்வோர் ஆயரும் சென்று, அவர்கள் கணக்கை அவர்கள் வாயாலேயே கேட்டறிவாராக. அன்றைய பிரசங்கத்தை அங்கிருந்து தொடங்கலாம்.