தி.நகர் பாரதி நகரும் ஒரு இஞ்ச் டேப்பும்

போன மாசம் ஆபீஸில் எல்லோரையும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குக் கூட்டிப் போனார்கள். என் ரிப்போர்ட்டில் இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ., ட்ரைகிளிசரைடு 190, நல்ல கொலஸ்ட்ரால் 36. சுகரும் பி.பி.யும் நார்மல். கீழே பொடி எழுத்தில் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்'. வயசு 28தான் ஆகிறது. "இதெல்லாம் பணக்கார வியாதியாச்சே, உனக்கு எப்படிடா வந்தது?" என்றாள் அம்மா. இ.எம்.ஐ. கட்டுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது!

பதில் தேடிப் போனால் நம்ம தி.நகரிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது.

அதற்கு முன் கொஞ்சம் பாடம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாம் தனித்தனியாக வராமல் கூட்டணி போட்டு வருகின்றன, பின்னணியில் இருப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யாமைதான் என்று 1988-ல் அமெரிக்காவின் ஜெரால்ட் ரீவன் சொன்னார். அவர் வைத்த பெயர் 'சிண்ட்ரோம் எக்ஸ்'. தமாஷ் என்னவென்றால், அவர் பட்டியலில் தொப்பையே கிடையாது. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதும் குழப்பம் ஆரம்பம். 2001-ல் அமெரிக்கர்கள் ஆணின் இடுப்புக்குப் போட்ட எல்லை 102 செ.மீ. 2005-ல் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்று இறக்கிவிட்டது. அதாவது முதல் கணக்கில் நான் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். இடுப்பு அதேதான், ஸ்பெக்தான் மாறியது. (நம்ம பொழப்பில் இது தினமும் நடப்பதுதான்.) சென்னையில் 2,350 பேரின் விவரங்களை மூன்று வரையறைகளில் போட்டுப் பார்த்தபோது 23.2, 18.3, 25.8 சதவீதம் என்று மூன்று விடை வந்தது. மூன்றிலும் மாட்டியவர்கள் 224 பேர் மட்டுமே.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கறார்? லண்டன் சவுத்தால் பகுதியில் நடந்து 1991-ல் வெளிவந்த ஆய்வு ஒரு காரணம். அங்கே குடியேறிய தெற்காசியர்களில் 19 சதவீதம் பேருக்கு சர்க்கரை, வெள்ளைக்காரர்களுக்கு 4 சதவீதம்தான். நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில்தான் முதலில் சேர்கிறது. கை கால் ஒல்லியாக இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

சரி, மேட்டருக்கு வருவோம். 1996-ல் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு காலனிகளை எடுத்துக்கொண்டார்கள். இவருடைய அப்பா பேராசிரியர் எம். விஸ்வநாதன்தான் 1948-ல் ஸ்டான்லியில் நாட்டின் முதல் சர்க்கரை நோய் கிளினிக்கை ஆரம்பித்தவர். ஒரு காலனி திருமங்கலம் ஏசியாட் காலனி, நடுத்தர வர்க்கம். இன்னொன்று தி.நகர் பாரதி நகர், குறைந்த வருமானக்காரர்கள். தி.நகர் என்றதும் தங்கமும் பட்டும்தான் ஞாபகம் வருகிறது, ஆனால் இந்தக் கதையில் ஏழைப் பக்கம் தி.நகர்தான்.

20 வயசுக்கு மேற்பட்ட 1,262 பேரைப் பரிசோதித்தார்கள். சர்க்கரை திருமங்கலத்தில் 12.4 சதவீதம், பாரதி நகரில் 6.5. இந்த சிண்ட்ரோம் கூட்டணி 18.7-க்கு 6.5. (இரண்டு இடத்திலும் 6.5 தான், டைப்போ இல்லை.) அம்மா சொன்னது அன்றைக்குச் சரி.

முடிவைக் கேட்ட ஏசியாட் காலனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சொந்தக் காசு போட்டு ஒரு பார்க் கட்டினார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 ஆனார்கள். நம்மூரில் காலனிக்காரர்கள் ஒற்றுமையாக ஒரு காரியம் செய்ததே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

பத்து வருஷம் கழித்து அதே இரண்டு இடத்துக்கும் மறுபடி போனார்கள். ரிசல்ட் 2011-ல் வெளிவந்தது. திருமங்கலத்தில் சர்க்கரை 12.4-லிருந்து 15.4. பாரதி நகரில் 6.5-லிருந்து 15.3! இரட்டிப்புக்கும் மேல். பணக்கார வியாதி என்ற பேச்சு பத்தே வருஷத்தில் காலாவதி.

திருமங்கலத்தில் அவ்வளவாக ஏறாததற்கு பார்க் மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சொந்தமாகப் பார்க் கட்டக் கையில் காசு வேண்டும், நடக்கக் காலையில் ஒரு மணி நேரம் வேண்டும். நடேசன் பார்க்கில் ஆறு மணிக்கு ஷூ போட்டு நடப்பவர்களைப் பாருங்கள். ரங்கநாதன் தெரு கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறவர்கள் அதில் எத்தனை பேர்? சாப்பாடும் சேர்ந்துகொள்கிறது. இதே குழுவின் 2009 ஆய்வில் சென்னைக்காரர்களின் கலோரியில் ஏறக்குறைய பாதி, தீட்டிய அரிசி போன்ற தானியங்களிலிருந்துதான் வந்தது. அதை மிக அதிகமாகச் சாப்பிட்ட கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இந்த சிண்ட்ரோம் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல். வயிறு நிறைய மலிவாகக் கிடைப்பது சோறுதானே.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம வீட்டுல பாத்திரம் தேய்க்கிற அக்காவும் போன வருஷத்துலேர்ந்து சக்கரை மாத்திரை போடறாடா. மாத்திரை வாங்கற அன்னிக்கு லேட்டாத்தான் வருவா, நான்கூட சத்தம் போட்டிருக்கேன்" என்றாள்.

பெண்களுக்கு எல்லை 80 என்று சொல்லிக்கொண்டே டேப்பை நீட்டினேன். பிடுங்கித் தையல் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.