நீலக் கோட்டு பிறந்த கதை

1829 செப்டம்பர் 29 மாலை. லண்டன் தெருக்களில் நீலக் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்த ஆட்கள் ரோந்து நடக்கத் தொடங்கினார்கள். கழுத்துப்பட்டியில் எண். இடுப்பில் வாளோ துப்பாக்கியோ இல்லை. கோட்டின் பின்பக்கப் பைக்குள் மறைத்து வைத்த குறுந்தடி, ஆபத்தென்றால் சுழற்றி ஆள் கூப்பிட ஒரு மரக் கிலுக்கட்டை. அவ்வளவுதான்.

இந்தப் படையை உண்டாக்கியவர் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல். பருத்தி ஆலை முதலாளியின் மகன். 21 வயதில் எம்.பி., பின்னாளில் இருமுறை பிரதமர். லண்டனுக்குக் காவல் படை வேண்டும் என்று அவர் 1822-லேயே கேட்டுப் பார்த்தார். நாடாளுமன்றக் குழு மறுத்துவிட்டது. காவல் படை என்றாலே ஆங்கிலேயர்களுக்குப் பிரான்சின் ஒற்றர் படைதான் நினைவுக்கு வந்தது. சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் என்றாலோ அதைவிட அச்சம். 1819-ல் மான்செஸ்டரில், வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப் படை வாள் வீசிய காயம் ஆறவில்லை.

எனவே பீல் காத்திருந்தார். ஏழு ஆண்டு கழித்துச் சட்டம் நிறைவேறியபோது, அந்த இரண்டு அச்சங்களுக்கும் உடையிலேயே பதில் இருந்தது. ஒற்றன் இல்லை என்பதற்குச் சீருடையும் எண்ணும். சிப்பாய் இல்லை என்பதற்கு நீலம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிறத் தேர்வுதான். மக்களின் பயத்துக்குக் காது கொடுத்த ஒரு அரசாங்கத்தின் அடையாளம் அது.

படையை நடத்த இருவர்: வாட்டர்லூ போரில் நின்ற சார்லஸ் ரோவன், வழக்கறிஞர் ரிச்சர்ட் மேன். வைட்ஹால் பிளேஸ் 4-ஆம் எண் வீட்டில் அலுவலகம். அதன் பின்பக்கம் ஸ்காட்லாந்து யார்டு. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. முதல் எண் பெற்ற காவலர் குடித்துவிட்டு வந்ததால் அன்றே வேலையை இழந்தார். ஊர் உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 1833-ல் ஒரு கூட்டத்தைக் கலைக்கப் போன காவலர் ஒருவர் குத்துப்பட்டு இறந்தார். 'நியாயமான கொலை' என்றது ஜூரி. காவலர்களுக்கு 'பாபி' என்ற செல்லப் பெயர் ராபர்ட்டிலிருந்து வந்தது. 'பீலர்' என்ற பெயரோ அதற்கும் மூத்தது, அயர்லாந்தில் பிறந்தது.

அந்தப் பெயரைத் தொட்டால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. லண்டனுக்கு முன்பே பீல் இன்னொரு படையை உருவாக்கியிருந்தார். அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்தபோது, 1814-ல் அவர் அமைத்த அமைதிக் காப்புப் படை ஆயுதம் தாங்கியது. கலவரம் நடக்கும் வட்டாரத்துக்கு அதை அனுப்புவார்கள். செலவை அந்த வட்டார மக்களிடமே வசூலிப்பார்கள். அந்த வழியில்தான் பின்னர் ஐரிஷ் கான்ஸ்டபுலரி வளர்ந்தது. ஒரே மனிதர், ஒரே வேலை. தன் நாட்டு மக்களுக்கு மறைத்து வைத்த தடி. ஆளப்பட்ட மக்களுக்குத் துப்பாக்கி.

நம்மிடம் வந்தது இரண்டாவது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் கிட்டி, அண்ணாந்தாள் போன்ற சித்திரவதைகள் நடந்ததை 1855-ல் ஒரு விசாரணைக் குழு பதிவு செய்தது. வருவாய்த் துறையிடமிருந்து காவலைப் பிரிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. 1859-ல் 24-ஆம் சட்டம் பிறந்தது. அதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது லண்டன் அல்ல, அயர்லாந்து. பீல் அப்போது உயிரோடு இல்லை. 1850-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்திருந்தார். பெயரில் 'மெட்ராஸ்' போய் 'தமிழ்நாடு' வந்த பிறகும், அந்தச் சட்டத்தின் ஆண்டு 1859 என்றே இருக்கிறது.